வீட்டிலிருந்தே வேலை: கவனம் சிதறாமல் ஒரு நாளை நடத்தும் வழி

வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொடங்கிய முதல் சில மாதங்களில் ஒரு விஷயம் எனக்குப் பிடிபடவே இல்லை. அலுவலகத்தில் மாலை ஆறு மணிக்குள் முடிந்துவிடும் அதே வேலை, வீட்டில் இரவு பத்து மணி வரை இழுத்தது. பயண நேரம் மிச்சம், பக்கத்து மேசைப் பேச்சு இல்லை. கணக்குப்படி பார்த்தால் எனக்கு நேரம் கூடியிருக்க வேண்டும். ஆனால் படுக்கும்போது நாள் முழுக்க உழைத்த களைப்பும், எதையும் முழுசாக முடிக்கவில்லையே என்ற உறுத்தலும் சேர்ந்தே வந்தன.

கொஞ்ச நாள் என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் அலுவலகம் எனக்காக எத்தனை காரியங்களைச் சத்தமில்லாமல் செய்துவந்தது என்று தெரிந்தது. காலைப் பயணத்திலேயே மனசு வேலைக்குத் தயாராகிவிடும். பக்கத்தில் இருப்பவர் எழுந்தால் மதியம் ஆகிவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொருவராகப் பையை எடுத்தால் கிளம்ப வேண்டிய நேரம். நான்கு பேர் கண் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அரை மணி நேரம் போனை நோண்டிக்கொண்டிருக்க யாருக்கும் தோன்றாது. வீட்டில் இதையெல்லாம் செய்ய ஆள் இல்லை. வேலை எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்கிறது என்ற கோடுகளை நாமே போட வேண்டும். மன உறுதியை வளர்த்துக்கொள்ளச் சொல்லி யாராவது அறிவுரை சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பி நாளைத் தொடங்காதீர்கள். கோடு போட்டுவிட்டால் மன உறுதி பாதி போதும்.

கீழே உள்ள படிகளை நான் பழகிய வரிசையில் சொல்கிறேன். சிலவற்றில் நிறையப் பேச இருக்கிறது, சிலவற்றில் இரண்டு வரிதான்.

படி 1: முடிக்கும் நேரத்தை முதலில் குறியுங்கள்

காலையில் எத்தனை மணிக்குத் தொடங்குவது என்றுதான் எல்லோரும் யோசிப்பார்கள். நான் மாலையிலிருந்து தொடங்கச் சொல்வேன். இன்று எத்தனை மணிக்கு மடிக்கணினியை மூடப்போகிறீர்கள்? அந்த நேரத்தை முதலில் எழுதி வையுங்கள்.

ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறோமோ அவ்வளவுக்கும் அது விரிந்துகொள்ளும் என்று 1955-இல் பிரிட்டிஷ் எழுத்தாளர் சிரில் நார்த்கோட் பார்க்கின்சன் எழுதினார். அவர் எழுதியது அரசு அலுவலகங்களைப் பற்றி. வீட்டு வேலைமேசைக்கு அது இன்னும் அதிகமாகவே பொருந்தும், ஏனென்றால் இங்கே கதவைப் பூட்டிக்கொண்டு போக யாரும் இல்லை. "ராத்திரி பார்த்துக்கலாம்" என்ற ஒரு நினைப்பு மனசின் ஓரத்தில் இருந்தால் போதும், மதியம் மூன்று மணி வேலை தானாகத் தளர்ந்துவிடும். இரவு என்று ஒன்று கிடையாது என்று முடிவாகிவிட்டால், அதே மூன்று மணி வேறு மாதிரி நடக்கும்.

முடிக்கும் நேரத்தில் உங்களுக்காகக் காத்திருக்கும் ஒரு காரியத்தை வைத்துக்கொள்ளுங்கள். நண்பரோடு நடை, குழந்தையோடு விளையாட்டு, ஒரு வகுப்பு, எதுவானாலும் சரி. இன்னொருவர் காத்திருந்தால்தான் அந்த நேரம் நிற்கும். நமக்கு நாமே கொடுத்த வாக்கைத்தான் நாம் எளிதில் மீறுவோம்.

படி 2: ஒரே இடம், ஒரே நாற்காலி

தனி அறை இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். இல்லாதவர்களுக்கு ஒரு மூலை போதும், ஆனால் அது தினமும் அதே மூலையாக இருக்க வேண்டும். காலையில் கட்டில், மதியம் சோபா, மாலையில் சாப்பாட்டு மேசை என்று வேலை வீடு முழுக்கச் சுற்றினால், கடைசியில் ஓய்வெடுக்க ஓர் இடம் மிஞ்சாது. முக்கியமாகக் கட்டில் வேண்டாம். தூங்கும் இடத்தில் வேலை பார்த்தால் வேலையிலும் தூக்கம் வரும், தூக்கத்திலும் வேலை வரும்.

மேசையை மற்றவர்களோடு பகிர வேண்டியிருந்தால் ஒரு பெட்டி வைத்துக்கொள்ளுங்கள். மடிக்கணினி, நோட்டு, பேனா, ஹெட்போன், சார்ஜர் எல்லாம் அதற்குள். காலையில் பெட்டியைத் திறந்து அடுக்கினால் அலுவலகம் வந்தாயிற்று. மாலையில் எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூடினால் அலுவலகம் போயாயிற்று. தனி அறை கிடைக்கும் முன் நான் இரண்டு வருடம் இப்படித்தான் பெட்டியில் அலுவலகம் நடத்தினேன். உண்மையைச் சொன்னால் அந்த மூடும் சத்தத்துக்கு ஈடாக எதுவும் தனி அறையில் எனக்குக் கிடைக்கவில்லை.

உட்காரும் விதம் பற்றிச் சுருக்கமாக: திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருக்கட்டும். திரை கை நீட்டும் தூரத்தில் இருக்கட்டும். முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்க, பாதம் தரையில் படிய வேண்டும். மடிக்கணினியை மட்டும் வைத்துக்கொண்டு இவை எல்லாவற்றையும் சாதிக்க முடியாது. திரையைக் கண்ணுக்கு உயர்த்தினால் கை தூக்கும், கைக்கு இறக்கினால் கழுத்து குனியும். அதனால் நான்கைந்து தடிமனான புத்தகங்களை அடுக்கி அதன்மேல் மடிக்கணினியை வைத்து, தனி விசைப்பலகையும் மவுஸும் இணைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் பக்கவாட்டில் இருந்தால் திரையில் வெளிச்சம் அடிக்காது.

சத்தத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மின்விசிறியின் இரைச்சலோ மழைச் சத்தமோ நம்மை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. மனிதக் குரல்தான் கெடுக்கும், அதிலும் காதில் தெளிவாக விழும் பேச்சு. வேண்டாம் என்று நினைத்தாலும் மூளை அதைப் பின்தொடர்ந்துகொண்டே இருக்கும். பக்கத்து அறையில் தொலைக்காட்சிச் செய்தி ஓடினால், அதைவிடச் சற்று உரக்க மழைச் சத்தத்தை ஹெட்போனில் ஓடவிடுவது நல்லது. எழுதும் வேலையாக இருந்தால் பாட்டு கூட வார்த்தை இல்லாத இசையாக இருக்கட்டும்.

படி 3: வேலைக்குள் நுழைய ஒரு வாசல்

பயணம் இல்லாமல் போனதில் நாம் இழந்தது, வீட்டு ஆளிலிருந்து வேலை ஆளாக மாறும் அந்த இடைவெளியைத்தான். அதைச் சின்னதாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். எழுந்து, குளித்து, உடை மாற்றி, பத்து நிமிடம் வெளியே நடந்துவிட்டு வந்து நாற்காலியில் உட்காருங்கள். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் உடலின் கடிகாரமும் சரியாக ஓடும், இரவில் தூக்கமும் நேரத்துக்கு வரும். வெளியே போக முடியாத நாளில் மொட்டை மாடியோ பால்கனியோ போதும்.

இந்தப் படியில் நான் கண்டிப்பாக இருக்கும் விஷயம் ஒன்று உண்டு. படுக்கையில் இருந்தபடியே மின்னஞ்சல் பார்க்காதீர்கள். முகம் கழுவும் முன்பே அடுத்தவரின் அவசரம் உங்கள் தலைக்குள் ஏறிவிட்டால், அன்றைய நாள் உங்களுடையது இல்லை.

படி 4: மூன்று வேலை, வினைச்சொல்லோடு

அன்றைக்கு முடிக்க வேண்டியவற்றில் முக்கியமான மூன்றை ஒரு தாளில் எழுதுங்கள். இருபது எழுதினால் அது வெறும் கவலைப் பட்டியல். எழுதும்போது என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை வினைச்சொல்லோடு எழுதுங்கள். "பயிற்சிக் கையேடு" என்று எழுதினால் மனசு அதைப் பார்த்து மிரளும். "கையேட்டின் இரண்டாம் பகுதியைத் திருத்தி அனுப்பு" என்று எழுதினால் கை தானாகக் கோப்பைத் திறக்கும்.

மூன்றில் எது மனசுக்குக் கனமாக இருக்கிறதோ அதை முதலில் எடுங்கள். வீட்டில் இருக்கும்போது கனமான வேலையிலிருந்து நழுவ நல்ல பிள்ளை மாதிரி ஒரு வழி இருக்கிறது: வீட்டு வேலை. துணி மடிப்பது, அலமாரி ஒழுங்கு செய்வது, பாத்திரம் கழுவுவது எல்லாம் உபயோகமான காரியங்கள்தான் என்பதால் குற்ற உணர்ச்சி வராது. ஒரு கடினமான அறிக்கை எழுத வேண்டிய வாரத்தில் என் வீடு பளபளவென்று இருந்தது. அறிக்கை ஒரு பக்கம் கூட நகரவில்லை. அதன் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டேன்: வேலை நேரத்தில் வீட்டுக் காரியம் கண்ணில் பட்டால், அதை ஒரு தாளில் குறித்துவிட்டுத் திரும்ப உட்கார வேண்டும். "இப்படி நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்து வைப்பது, "இனி ஒழுங்காக இருப்பேன்" என்று பொதுவாக உறுதி எடுப்பதைவிட நன்றாகப் பலிக்கிறது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். அந்தத் தாளில் மாலைக்குள் ஏழெட்டு விஷயங்கள் சேர்ந்திருக்கும். பாதிக்குமேல் அன்றே செய்ய வேண்டியவையாக இருக்காது.

படி 5: கவன நேரத்தைக் கட்டுங்கள்

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் குளோரியா மார்க் என்ற ஆய்வாளர், கணினியில் மனிதர்கள் எப்படி வேலை பார்க்கிறார்கள் என்பதைப் பல வருடங்களாக அளந்து வருகிறார். 2004-இல் ஒரு திரையில் கவனம் சராசரியாக இரண்டரை நிமிடம் நின்றது. பின்னாளில் அளந்தபோது அது ஏறத்தாழ 47 விநாடியாகச் சுருங்கியிருந்தது. இடையில் தடைபட்ட வேலைக்குத் திரும்பி வரச் சராசரியாக 23 நிமிடம் ஆகிறது என்பதும் அவரது குழுவின் அளவீடுதான். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் நாள் எங்கே கரைகிறது என்று தெரியும்.

2009-இல் சோஃபி லெரோய் என்ற ஆய்வாளர் இன்னொரு பக்கத்தை விளக்கினார். ஒரு வேலையை அரைகுறையாக விட்டு அடுத்ததற்குத் தாவும்போது, முந்தைய வேலையின் மிச்சம் மனசில் ஒட்டிக்கொண்டே வருகிறது. புதிய வேலைக்கு நாம் முழுசாகக் கிடைப்பதில்லை. "ஒரே ஒரு செய்திதானே, பார்த்துவிட்டு வந்துடலாம்" என்று போகும்போது நிஜத்தில் நடப்பது இதுதான். செய்தியைப் பார்க்க ஐந்து விநாடி போதும், ஆனால் அதில் இருந்த கேள்வி அடுத்த கால் மணி நேரம் பின்னாலேயே வரும்.

அதனால் நாளில் ஒன்றோ இரண்டோ கவன நேரங்களைக் கட்டி வையுங்கள். ஆரம்பத்தில் 25 நிமிடம் போதும். இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ 1980-களின் இறுதியில் மாணவராக இருந்தபோது தக்காளி வடிவச் சமையலறை டைமர் ஒன்றை வைத்துப் படிக்கப் பழகினார். 25 நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு. இந்த முறைக்குப் பொமொடோரோ (இத்தாலிய மொழியில் தக்காளி) என்ற பெயர் அந்த டைமரிலிருந்து வந்ததுதான். வேலைக்குள் நுழையவே முடியாத நாட்களில் இது அருமையான மருந்து. ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது 25-ஆவது நிமிடத்தில் மணி அடித்து எழுப்பினால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. எழுத்து, நிரல், வடிவமைப்பு மாதிரி உள்ளே இறங்கிச் செய்யும் வேலைக்கு 50 முதல் 90 நிமிடம் வரை நீட்டிக்கொள்ளலாம். தொடங்குவதற்குத் தக்காளி, தொடர்வதற்கு உங்கள் சொந்த ஓட்டம்.

கவன நேரத்தில் போன் வேறு அறையில் இருக்கட்டும். மேசையில் கவிழ்த்து வைப்பது போதாது, சத்தத்தை நிறுத்துவதும் போதாது, கை நீட்டினால் எட்டக்கூடாது. அவசர அழைப்பு வந்துவிடுமோ என்ற பயம் இருந்தால், குறிப்பிட்ட இரண்டு மூன்று எண்களுக்கு மட்டும் ஒலிக்கும்படி அமைத்துவிட்டு அடுத்த அறையில் வையுங்கள். கணினியில் அந்த வேலைக்கு வேண்டிய சாளரம் மட்டும் திறந்திருக்கட்டும். அரட்டைச் செயலியையும் மின்னஞ்சலையும் சிறிதாக்கி வைக்காமல் முழுசாக மூடிவிடுங்கள். நடுவில் எதையாவது தேட வேண்டும் என்று தோன்றினால் அதையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தேடுபொறியைத் திறந்த கை எங்கே போய் நிற்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

படி 6: வீட்டில் இருப்பவர்களோடு ஒப்பந்தம்

இதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன். போனை அணைத்துவிடலாம், வீட்டு மனிதர்களை அணைக்க முடியாது, அணைக்கவும் கூடாது.

என் அம்மாவுக்கு நான் கணினி முன் அமைதியாக உட்கார்ந்திருப்பது வேலை மாதிரியே தெரிந்ததில்லை. "சும்மாதானே உட்கார்ந்திருக்கே, இந்த டப்பா மூடியைக் கொஞ்சம் திறந்து கொடு" என்பார். போன் பேசிக்கொண்டிருந்தால் வேலை, பேசாமல் யோசித்துக்கொண்டிருந்தால் சும்மா. அவரைக் குறை சொல்ல முடியாது. வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். நான் "தொந்தரவு பண்ணாதீங்கம்மா" என்று ஒருநாள் கத்திவிட்டேன். அன்று முழுக்க இருவருக்கும் மனசு சரியில்லை. மறுநாள் பத்து மணிக்கு மறுபடி ஒரு டப்பா வந்தது.

"தொந்தரவு செய்யாதே" என்பதில் முடிவு இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. எப்போது கேட்கலாம் என்று தெரியாதவர், தோன்றும்போது கேட்டுவிடுவார். அதனால் சொல்லும் விதத்தை மாற்றினேன். "அம்மா, பதினொன்றரைக்கு எழுந்து வருவேன், அதுவரைக்கும் சேர்த்து வைங்க." பதினொன்றரைக்குச் சொன்னபடி எழுந்து போனேன். முதல் வாரம் ஒரு சில தடவை மறந்தார், நானும் ஒருநாள் தாமதமாகப் போனேன். மூன்றாவது வாரத்தில் அவரே கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதைக் கதவிடுக்கில் பார்த்தேன். நாம் எப்போது கிடைக்கமாட்டோம் என்பதைவிட எப்போது கிடைப்போம் என்று சொல்வதுதான் வேலை செய்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: சொன்ன நேரத்துக்கு எழுந்து போக வேண்டும், போனால் முழுசாக அங்கே இருக்க வேண்டும். இரண்டு தடவை ஏமாற்றினால் ஒப்பந்தம் முறிந்தது.

மணி பார்க்கத் தெரியாத குழந்தைக்குக் கண்ணால் பார்க்கும் அடையாளம் வேண்டும். என் மகளுக்கு ஐந்து வயதில் ஓர் அட்டை வெட்டினோம். ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் பச்சை. சிவப்பு தொங்கினால் கதவைத் தட்டக்கூடாது, பச்சை என்றால் உள்ளே வரலாம். அட்டைக்கு வண்ணம் அடித்தது அவள்தான், அதனால் விதியும் அவளுடையதாகிவிட்டது. கதவுக்கு வெளியே நின்று "அம்மா, இன்னும் சிவப்பா?" என்று கேட்பாள். சிவப்பை நாள் முழுக்கத் தொங்கவிட்டால் அது அர்த்தம் இழந்துவிடும். ஒரு நேரத்தில் 40 நிமிடத்துக்கு மேல் நான் சிவப்பு வைத்ததில்லை.

மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தை வீட்டில் இருந்தால் எந்த அட்டையும் உதவாது. பார்த்துக்கொள்ள இன்னொரு பெரியவர் வேண்டும். கணவன் மனைவி இருவரும் வீட்டிலிருந்து வேலை பார்த்தால், ஞாயிற்றுக்கிழமை இரவு உட்கார்ந்து வரும் வாரத்தைப் பங்கு போடுங்கள்: எந்த மணி யாருடையது, யாருக்கு எப்போது முக்கியமான கூட்டம் என்று. பேசி வைக்காவிட்டால் அந்தப் பங்கு தானாகவே விழும், பெரும்பாலான வீடுகளில் அது பெண்ணின் பக்கம்தான் விழும். அதை ஆண்களும் சேர்ந்து மாற்ற வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன்.

படி 7: அலுவலகத்தோடும் ஓர் ஒப்பந்தம்

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு பயம் உண்டு. உடனே பதில் போடாவிட்டால் வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்று. அந்தப் பயத்தில் நாள் முழுக்க அரட்டைச் செயலியில் நாம் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளியை எரியவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மேலாளரிடம் நேராகப் பேசிவிடுவது நல்லது. "காலை 9 முதல் 11 வரை அறிக்கையில் இருப்பேன், 11 மணிக்கு எல்லாச் செய்திகளுக்கும் பதில் தருகிறேன், அவசரம் என்றால் அழையுங்கள்." இப்படி நேரத்தோடு சொன்னால் மறுப்பவர்கள் குறைவு. பதினொன்றுக்குப் பதில் போய்ச் சேர்ந்தால் அவர்களுக்கும் நம்பிக்கை வரும். மாலையில் அன்று முடித்தது என்ன, நாளைக்கு என்ன என்று மூன்று வரி அனுப்பிவிடுங்கள். பார்வையில் இல்லாதவரின் உழைப்பு எழுத்தில்தான் தெரியும்.

காணொளிக் கூட்டங்கள் களைப்பாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் சிலவற்றைப் பட்டியலிட்டார்: மிக அருகில் தெரியும் முகங்கள் நம்மையே உற்றுப் பார்ப்பது, நம் முகத்தை நாமே ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது, அசையாமல் ஒரே சட்டத்துக்குள் உட்கார்ந்திருப்பது, சைகைகளைப் புரிந்துகொள்ள மூளை கூடுதலாக உழைப்பது. உங்கள் முகம் உங்களுக்குத் தெரியாமல் மறைக்கும் வசதி பெரும்பாலான செயலிகளில் இருக்கிறது. அதை இன்றே போடுங்கள். முகம் காட்டத் தேவையில்லாத உரையாடலைத் தொலைபேசியில் நடந்தபடி பேசிவிடுங்கள். கூட்டங்களை முடிந்தவரை மதியத்துக்குப் பின் ஒன்றாகச் சேர்த்தால் காலை உடையாமல் இருக்கும்.

படி 8: உடம்பு தரும் கணக்கு

மதியம் ஒன்று முதல் மூன்று மணி வரை மந்தம் தட்டுவது உடலின் இயல்பான கடிகாரம். சாப்பாடு அதைக் கூட்டலாம், ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை. அந்த நேரத்தில் கனமான வேலையோடு மல்லுக்கட்டாமல் பதில் அனுப்புவது, கோப்புகளை ஒழுங்கு செய்வது, கூட்டம் போன்றவற்றை வையுங்கள். முடிந்தால் 20 நிமிடம் கண்ணயருங்கள். அதைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய், எழும்போது தலை கனக்கும். அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

காபி, டீ குடிப்பவர்கள் ஒரு கணக்கு தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளே போன காஃபீனில் பாதி வெளியேறச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணிக்குக் குடித்ததில் பாதி இரவு பத்து மணிக்கும் உடலில் இருக்கும். மதியம் இரண்டுக்கு மேல் நிறுத்திப் பாருங்கள், மறுநாள் காலையில் வித்தியாசம் தெரியும்.

கண்ணுக்கு: 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் உள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள். திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்துவிடுகிறது, கண் உலர்வதும் எரிவதும் அதனால்தான். இடைவேளையில் நாற்காலியை விட்டு எழுந்துவிடுங்கள். பெரிய திரையிலிருந்து சின்னத் திரைக்கு மாறுவது இடைவேளை ஆகாது.

படி 9: கடையைச் சாத்துங்கள்

முடிக்கும் நேரத்துக்கு 15 நிமிடம் முன்பு புதிதாக எதையும் தொடாதீர்கள். மின்னஞ்சலைக் கடைசியாக ஒருமுறை பாருங்கள், காலையில் எழுதிய மூன்றில் முடிந்ததை அடியுங்கள், நாளைய மூன்றை எழுதுங்கள். அப்புறம் பாதியில் நிற்கும் வேலைக்கு ஒரு குறிப்பு விடுங்கள்.

இந்தக் குறிப்பு கொஞ்சம் விலாவாரியாக இருக்க வேண்டும். நேற்று மாலை நான் விட்ட குறிப்பு இது: "ஏழாவது அட்டவணை, மூன்றாவது வரிசை. கூட்டினால் 412 வருகிறது, கையேட்டில் 421 என்று இருக்கிறது. முதலில் மூலத்தாளைத் திற, அப்புறம் கீழே உள்ள பத்தியைத் திருத்து." இன்று காலை உட்கார்ந்ததும் யோசிக்க ஒன்றுமே இல்லை. மூலத்தாளைத் திறந்தேன், கை தவறி எண் மாறியிருந்தது, ஐந்து நிமிடத்தில் சரியானது, அந்த வேகத்திலேயே அடுத்த பத்தியும் முடிந்தது. "அட்டவணை பார்க்கணும்" என்று மட்டும் எழுதியிருந்தால், எந்த அட்டவணை, எதற்கு என்று தேடுவதிலேயே காலை போயிருக்கும்.

இதன் பலன் மறுநாள் காலையோடு நிற்பதில்லை, அன்று இரவே தெரியும். முடியாத வேலைக்கு ஒரு தெளிவான திட்டம் எழுதிவிட்டாலே, அது மனசில் குறுக்கிடுவது குறைகிறது என்று மாசிகாம்போ, பாமெய்ஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் 2011-இல் ஆய்வு செய்து காட்டினார்கள். வேலையை முடிக்கக்கூட வேண்டாம், எங்கே எப்படித் தொடரப்போகிறோம் என்று மனசுக்குத் தெரிந்தால் போதும். சாப்பிடும்போது அட்டவணை நினைவுக்கு வருவது எனக்கு நின்றது இதற்குப் பிறகுதான்.

குறிப்பு எழுதியதும் மடிக்கணினியை மூடி, பெட்டியில் வைத்து, விளக்கை அணைத்துவிட்டு வெளியே ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். காலையில் நடந்து வேலைக்கு வந்தோம், மாலையில் நடந்து வீட்டுக்குப் போகிறோம். அலுவலகச் செய்திகளின் அறிவிப்பு அந்த நேரத்திலிருந்து போனிலும் ஒலிக்கக்கூடாது.

படி 10: மனிதர்களை விட்டுவிடாதீர்கள்

சீனாவின் சிட்ரிப் என்ற பயண ஏற்பாட்டு நிறுவனத்தில் பொருளாதார ஆய்வாளர் நிக்கோலஸ் ப்ளூமும் அவரது குழுவினரும் ஒரு சோதனை நடத்தினார்கள். அழைப்பு மைய ஊழியர்களில் விருப்பம் தெரிவித்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை ஒன்பது மாதம் வீட்டிலிருந்து வேலை பார்க்க வைத்தார்கள். முடிவுகள் 2015-இல் வெளியாயின. வீட்டிலிருந்தவர்களின் செயல்திறன் 13 சதவீதம் கூடியிருந்தது. ஆனால் சோதனை முடிந்து, எங்கே இருக்க விருப்பம் என்று மறுபடி கேட்டபோது பலர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். தனிமைதான் அவர்கள் சொன்ன பெரிய காரணம்.

எனவே வேலை நன்றாக ஓடினாலும் மனசு வாடலாம், அப்படி வாடினால் வேலையும் அதிக நாள் ஓடாது. வாரத்தில் ஓரிரு முறை சக ஊழியர் ஒருவரோடு வேலை சம்பந்தமில்லாமல் பேசுங்கள். தனியாகத் தொடங்கவே முடியாத வேலை என்றால், நண்பரும் நீங்களும் காணொளியில் இணைந்து, ஒலியை அணைத்துவிட்டு, அவரவர் வேலையைப் பாருங்கள். தொடங்கும்போது என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு வரி, முடிக்கும்போது என்ன ஆயிற்று என்று ஒரு வரி. அலுவலகத்தின் நான்கு ஜோடிக் கண்களுக்குப் பதிலாக ஒரு ஜோடி. பல தள்ளிப்போட்ட வேலைகளை நான் இப்படித்தான் கரையேற்றினேன்.

எதிலிருந்து தொடங்குவது?

பத்தையும் நாளைக்கே செய்யாதீர்கள், மூன்றாவது நாள் எல்லாம் சேர்ந்து சரிந்துவிடும். முதல் வாரம் முடிக்கும் நேரமும் மாலைக் குறிப்பும் மட்டும் போதும். இரண்டாவது வாரம் காலையில் ஒரே ஒரு கவன நேரம், போன் அடுத்த அறையில். மூன்றாவது வாரம் வீட்டாரோடும் மேலாளரோடும் பேசுங்கள். அதற்குள் உங்களிடம் காட்ட ஏதாவது இருக்கும், பேச்சும் சுலபமாக இருக்கும். மற்றவை ஒவ்வொன்றாக வந்து சேரட்டும்.

சில நாட்கள் எல்லாம் கலைந்து போகும். மின்சாரம் நிற்கும், குழந்தைக்குக் காய்ச்சல் வரும், இரவெல்லாம் தூக்கம் இருக்காது. அந்த நாளில் இழந்த மணி நேரங்களை இரவில் உட்கார்ந்து ஈடுகட்ட முயலாதீர்கள், அடுத்த நாளும் கெடும். மூன்று வேலையை ஒன்றாகக் குறையுங்கள். அந்த ஒன்றுக்கு 25 நிமிடம் கொடுங்கள். அப்புறம் வழக்கமான நேரத்துக்கே குறிப்பை எழுதி, பெட்டியை மூடிவிடுங்கள்.